ஓர் ஆங்கிலச் சொல்லின் வேரை நீங்களே தேட: படிப்படியான வழிகாட்டி

விநோதமான ஆங்கிலச் சொல் ஒன்று கண்ணில் பட்டால் பெரும்பாலோர் தேடுபொறியில் தட்டி, முதலில் வரும் பக்கத்தைப் படித்துவிட்டு அப்படியே நம்பிவிடுகிறோம். அந்தப் பக்கம் இன்னொன்றைப் பார்த்து எழுதியதாக இருக்கும். அதுவும் வேறொன்றிலிருந்து எடுத்ததாக இருக்கும். இப்படித்தான் ஆதாரமே இல்லாத கதைகள் பத்து இடங்களில் பதிந்து உண்மைபோல் உலவுகின்றன. தேவையான கருவிகளில் பெரும்பகுதி இன்று இலவசம். எந்த வரிசையில் போவது, எங்கே சறுக்கும் என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் தேடலாம்.

வழிகாட்டி முழுக்க ஒரே சொல்லைக் கையில் வைத்துக்கொள்வோம்: கேமன். ஜி, ஏ, இரண்டு எம், ஓ, என். அகராதியைப் புரட்டினால் இதற்குப் பன்றித்தொடை இறைச்சி என்று ஒரு பொருள். பேக்கேமன் என்ற பலகை விளையாட்டில் ஒருவகை வெற்றி என்று இன்னொன்று. பாய்மரக் கப்பலின் முகப்பில் போடும் கட்டு. திருடர்களின் குழூஉக்குறியில் ஏமாற்று. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பேசும் ஆங்கிலத்தில் பொய், பாசாங்கு, 'சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்'. பிரிட்டன் அரசியலில் ஒரு வசவு. எழுத்துக்கூட்டலோ ஒன்றுதான். புதிதாகத் தேடுபவர் மாட்டிக்கொள்ளும் எல்லாச் சிக்கலும் இந்த ஒரு சொல்லில் இருப்பதால் பயிற்சிக்கு இதைவிட நல்ல சொல் கிடைப்பது அரிது.

1. கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

'இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?' என்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே நான்கு கேள்விகள் இருக்கின்றன. என்னென்ன பொருள்கள் உண்டு? ஒவ்வொரு பொருளும் எழுத்தில் முதலில் எப்போது, எங்கே தென்படுகிறது? இந்த வடிவத்துக்கு முந்தைய வடிவம் என்ன, எந்த மொழியில்? ஒரு பொருளிலிருந்து இன்னொன்று கிளைத்ததா, அல்லது வேறு வேறு சொற்கள் தற்செயலாக ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தனவா?

நான்கையும் கலந்துவிட்டால் வேலை ஓடாது. விரிதாள் ஒன்றைத் திறந்து, ஒரு பொருளுக்கு ஒரு வரிசை ஒதுக்குங்கள். பொருள், முதல் சான்றின் ஆண்டு, நாடு, அந்த வாக்கியம், நூல்-பதிப்பு-பக்கம், முந்தைய வடிவம், எவ்வளவு உறுதி என்று ஏழு பத்திகள் போதும். கேமனுக்கு ஆறு வரிசைகள் வரும். தொடக்கத்தில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும். அதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம்.

2. எந்த அகராதி, என்ன செலவு

ஒரே அகராதியோடு நிறுத்திக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஒவ்வோர் அகராதியும் ஒவ்வொரு வேலைக்காகத் தொகுக்கப்பட்டது.

கட்டணம் இல்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள். மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதி பொருளோடு, முதலில் பதிவான ஆண்டையும் தரும். எட்டிமான்லைன் என்ற தளம் சொற்பிறப்பை நாலைந்து வரியில் சொல்லிவிடும். தொடக்கப் பிடிமானத்துக்கு அருமையானது, ஆனால் இது பிற நூல்களிலிருந்து தொகுத்தது என்பதை மறக்காதீர்கள். முதன்மை ஆதாரமாக இதைக் காட்ட முடியாது. விக்ஷனரியில் வடிவங்களும் பிறமொழி உறவுகளும் நிறைய கிடைக்கும். அடிக்குறிப்பு இல்லாத வரியை மட்டும் எடுக்காதீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி 2001-ல் நிறைவடைந்தது, இணையத்தில் முழுவதும் இலவசம். கி.பி. 1500-க்கு முந்தைய வடிவங்களுக்கு இதை விட்டால் வழியில்லை. பழைய ஆங்கிலத்துக்குப் பாஸ்வொர்த்-டோலர் அகராதி. வட்டார வழக்குக்கு ஜோசப் ரைட் 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட அகராதி. கொச்சை வழக்குக்குக் கிரீன் தொகுத்த அகராதி: 2010-ல் மூன்று தொகுதிகளாக அச்சில் வந்தது, இப்போது இணையத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு வாரியான மேற்கோள்களோடு படிக்கலாம். கேமன் போன்ற சொல்லுக்கு முதலில் திறக்க வேண்டியது இதைத்தான்.

செலவு என்று வருவது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்கு. அதன் இணையப் பதிப்பை முழுமையாகப் பார்க்கச் சந்தா வேண்டும். கைக்காசு போடுமுன் உங்கள் நூலகத்தைக் கேளுங்கள். பல பல்கலைக்கழகங்களும் பிரிட்டனின் பல பொது நூலகங்களும் சந்தா வைத்திருக்கின்றன. உறுப்பினர் அட்டை எண் இருந்தால் வீட்டிலிருந்தே நுழையலாம்.

நூலகமும் இல்லையா? 1884-ல் முதல் பகுதி வெளியாகி 1928-ல் நிறைவடைந்த முதல் பதிப்பின் தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் வடிவில் கிடைக்கின்றன. இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பதிப்பு வெளிவந்தபோது அட்டையில் இருந்த பெயர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அல்ல. 'எ நியூ இங்கிலிஷ் டிக்ஷனரி ஆன் ஹிஸ்டாரிகல் பிரின்சிபிள்ஸ்'. 1933 மறுபதிப்பில்தான் இன்றைய பெயர் நிலைத்தது. பழைய பெயரில் தேடினால்தான் பழைய தொகுதிகள் அகப்படும். எஃப், ஜி இரண்டு எழுத்துகளும் நான்காம் தொகுதியில் இருக்கின்றன, கேமன் அதில்தான்.

சந்தா எடுத்தே தீர வேண்டும் என்றால், இலவசக் கருவிகளால் ஆனதையெல்லாம் முடித்துவிட்டு, பார்க்க வேண்டிய சொற்களின் பட்டியலோடு குறைந்த காலச் சந்தா எடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே அணைத்துவிடுங்கள். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் போன்ற கட்டணச் செய்தித்தாள் காப்பகங்களுக்கும் இதே முறைதான்.

3. பதிவைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சொற்பிறப்பு அகராதியின் ஒரு பதிவில் குறிகளும் சுருக்கங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இவற்றைத் தாண்டிப் பொருளை மட்டும் படிப்பவர் பாதித் தகவலை விட்டுவிடுகிறார்.

ஓஇ என்றால் பழைய ஆங்கிலம். ஏறத்தாழ 1150 வரை. எம்இ இடைக்கால ஆங்கிலம். அங்கிருந்து 1500 வரை. ஓஎஃப் பழைய பிரெஞ்சு. ஓஎன்எஃப் வடபகுதிப் பழைய பிரெஞ்சு. கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆறாவது படியில் கைகொடுக்கும். சொல்லின் முன் உடுக்குறி (*) இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் காணப்படவில்லை, ஒப்பிட்டு மீட்டெடுத்தது என்று பொருள். குறுவாள் குறி (†) வழக்கொழிந்ததைக் காட்டும். ஆண்டுக்கு முன் சிறிய ஏ எழுத்து இருந்தால் 'அதற்கு முன்', சி இருந்தால் 'ஏறத்தாழ'. இந்த இரண்டு எழுத்துகளையும் விட்டுவிட்டு ஆண்டை மட்டும் குறித்துக்கொண்டால், தொகுப்பாளர் சொல்லாத உறுதியை அவர் தலையில் ஏற்றியதாகிவிடும்.

தலைச்சொல்லின் தோளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சிறிய எண்கள் இருக்கும். அவற்றைப் பொருள் எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். தோள் எண் மாறினால் வேறு சொல் என்பது தொகுப்பாளரின் தீர்ப்பு. பதிவுக்குள் வரும் எண்கள் ஒரே சொல்லின் கிளைப் பொருள்கள். கேமனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தோள் எண்கள் இருக்கின்றன. அதைப் பார்த்த கணமே உங்கள் விரிதாளின் வரிசைகளைக் குழுக்களாகப் பிரிக்கத் தொடங்கிவிடலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் பதிப்புத் திருத்தங்கள் 2000 முதல் இணையத்தில் வெளியாகின்றன. பணி இன்னும் முடியவில்லை. எனவே ஒரு பதிவு சமீபத்தில் திருத்தியதாக இருக்கும், பக்கத்துப் பதிவு நூறாண்டுக்கு முந்தைய கருத்தைச் சுமந்துகொண்டிருக்கும். கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதை அந்தப் பதிவின் வரலாற்றுக் குறிப்பு சொல்லும். அந்த ஆண்டையும் விரிதாளில் ஏற்றுங்கள்.

4. ஒரு சொல்லா, பல சொற்களா?

மொத்த வேலையின் உயிர்நாடி இந்தப் படிதான். அவசரப்படக் கூடாது.

முதலில் இறைச்சி. 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வருகிறது. வடபகுதிப் பழைய பிரெஞ்சில் 'காம்பொன்'. இன்றைய பிரெஞ்சில் 'ஜாம்போன்'. இரண்டுக்கும் அடி, கால் என்று பொருள்படும் பிற்கால லத்தீன் 'காம்பா'. கால்களுக்கிடையே பிடித்து வாசிக்கும் வியோலா ட காம்பா என்ற நரம்பிசைக் கருவியின் பெயரிலும் இதே கால்தான். கதவின் பக்கச் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள 'ஜாம்' என்ற சொல்லும் பிரெஞ்சுக் கால் வழியே வந்தது.

அடுத்து விளையாட்டு. பேக்கேமனில் எதிராளி ஒரு காயைக்கூட வெளியேற்றாத நிலையில் நீங்கள் எல்லாக் காய்களையும் வெளியேற்றிவிட்டால் அந்த வெற்றிக்குக் கேமன் என்று பெயர்; கணக்கில் இரட்டிப்பு. இதற்கும் பன்றிக்காலுக்கும் தொடர்பில்லை. விளையாட்டு, மகிழ்ச்சி என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல் 'கமென்'. அதன் கடைசியில் உள்ள என் எழுத்து உதிர்ந்துபோய் இன்றைய 'கேம்' ஆயிற்று. அந்த எழுத்து உதிராமல் தங்கிய வடிவமே இது என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அகராதிகள் 'இருக்கலாம்' என்ற சொல்லோடுதான் இதைப் பதிகின்றன. நீங்களும் அந்த 'இருக்கலாம்' போகாமல் எழுதுங்கள்.

இந்த இரண்டையும் ஒரே தலைச்சொல்லில் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதி. 'கம்போனே' என்ற இத்தாலியச் சொல்லை மூலமாகக் காட்டிவிட்டு, முதல் பொருளாக உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையையும் இரண்டாம் பொருளாகப் பகடை ஆட்டத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்திருக்கிறார். படிப்பவர் பகடை ஆட்டமும் இத்தாலியப் பன்றியிலிருந்து வந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார். ஜான்சனின் மேற்கோள்கள் பொன். அவர் காட்டும் வேர்களை மட்டும் பிற்கால நூல்களோடு ஒப்பிடாமல் எடுக்காதீர்கள்.

மூன்றாவது கப்பல். முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பௌஸ்ப்ரிட் என்ற மரத்தைக் கப்பலின் முகப்போடு வரிந்து கட்டும் கயிற்றுக்கட்டு. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சான்று உண்டு. தொங்கவிடுவதற்காகப் பன்றித்தொடையைக் கட்டுவதுபோல் இருந்ததால் வந்த பெயராக இருக்கலாம் என்பது ஓர் ஊகம். உறுதியான சான்று கிடையாது. விரிதாளில் 'ஐயம்' என்று போட்டுவிட்டுப் போகலாம்.

நான்காவதுதான் சுவையான கிளை. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் திருடர்களிடையே 'கேமன் கொடுப்பது' என்றால், கூட்டாளி பணப்பையை உருவும்போது இன்னொருவன் அந்த ஆளை ஒட்டி நின்று மறைப்பது, கவனத்தைத் திருப்புவது. நூறாண்டுக்குள் அது பசப்புப் பேச்சு, புளுகு என்று விரிகிறது. நியூ சவுத் வேல்ஸுக்கு நாடுகடத்தப்பட்ட கைதி ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் 1812-ல் எழுதி 1819-ல் அச்சான திருடர் மொழிப் பட்டியலில் இரண்டு பொருளும் உண்டு. 'பன்னிருவரைக் கேமன் செய்தான்' என்ற தொடரும் அதில் இருக்கிறது: நயமாக வாதாடி நடுவர் குழுவின் பன்னிரண்டு பேரையும் நம்பவைத்து விடுதலையாகிவிட்டான் என்று அர்த்தம். குற்றவாளிகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட மொழி எழுத்தில் பிடிபடுவது அபூர்வம். இப்படி ஓர் ஆவணம் கிடைத்தால் தொடர்புடைய பதிவுகளை எல்லாம் முழுதாகப் படித்துவிடுங்கள்.

வாக்ஸின் பட்டியல் ஆஸ்திரேலியாவில் எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஐந்தாவது பொருளுக்கு வாருங்கள். பழங்குடியினர் ஆங்கிலத்தில் இன்றும் புழங்கும் கேமன், இதே ஏமாற்றுக் கேமனின் தொடர்ச்சி. பாப்புவா நியூ கினியின் டோக் பிசின் மொழியில் பொய்யைக் குறிக்கும் 'கியாமன்' என்ற சொல்லும் இதிலிருந்து வந்ததுதான். பிரிட்டனில் வழக்கு குன்றிப்போன ஒரு பொருள், கடல் கடந்த இடத்தில் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் பிரிட்டிஷ் அகராதியோடு நிறுத்தக் கூடாது. 1988-ல் வெளியாகி 2016-ல் விரிவாக்கிய ஆஸ்திரேலியன் நேஷனல் டிக்ஷனரி போன்ற நாட்டு வாரியான அகராதிகளையும் பாருங்கள்.

ஆறாவது, அரசியல் வசவு: கோபத்தில் முகம் சிவக்கும் நடுத்தர வயது வெள்ளை ஆணைக் குறிப்பது. 2018-ல் காலின்ஸ் அகராதியின் ஆண்டுச்சொல் இறுதிப் பட்டியலில் இடம்பெறும் அளவுக்குப் பரவியது. இது தனிச்சொல் அல்ல. இறைச்சியின் நிறத்தை வைத்து வந்த ஆகுபெயர். எனவே முதல் குழுவில் கிளையாகச் சேரும்.

ஆக, ஆறு பொருள்கள். இறைச்சியும் வசவும் ஒரு குழு, விளையாட்டு ஒரு குழு, ஏமாற்றும் ஆஸ்திரேலிய வழக்கும் ஒரு குழு, கப்பல் கட்டு ஐயத்தில். ஏமாற்றுக் கேமன் விளையாட்டிலிருந்து கிளைத்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. அந்தக் கோட்டைப் புள்ளிக்கோடாகவே போடுங்கள்.

5. வடிவங்களின் பட்டியலும் மேற்கோள் வேட்டையும்

அச்சு நிலைபெறும்வரை எழுத்துக்கூட்டல் அவரவர் விருப்பம். கேமனை இன்றைய கூட்டலில் மட்டும் தேடினால் பழைய சான்றுகளில் பெரும்பகுதி வலைக்குத் தப்பிவிடும். ஒரே எம், இரண்டு எம், எம்முக்குப் பின் பி, ஓவுக்குப் பதில் ஈ, கடைசியில் டி ஒட்டியது, ஈ ஒட்டியது என்று பட்டியல் போடுங்கள். இடைக்கால ஆங்கில அகராதியின் தலைப்பகுதியிலேயே வடிவங்கள் தரப்பட்டிருக்கும். அரை மணி நேர வேலை. அந்தப் பட்டியலோடு கூகுள் புக்ஸ், ஹாத்திடிரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகிய மூன்று மின்னூலகங்களிலும் தேடலாம்.

செய்தித்தாள்களுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் டுரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட்; மூன்றும் இலவசம். கொச்சை வழக்குக்கு ஓல்டு பெய்லி நீதிமன்றப் பதிவுகள்: 1674 முதல் 1913 வரையிலான லண்டன் வழக்குகள், சாட்சிகளின் வாய்ச்சொற்களோடு. இதுவும் இலவசம்.

தனிச்சொல்லாகத் தேடினால் ஆயிரக்கணக்கில் குவியும். கூட்டுச்சொல் வையுங்கள். இறைச்சிக்கு 'கேமன் ஆஃப் பேக்கன்', ஏமாற்றுக்கு 'ஆல் கேமன்', கப்பலுக்கு 'பௌஸ்ப்ரிட்' பக்கத்தில் வரும் கேமன். தொடரை மேற்கோள் குறிக்குள் போட்டால் ஒவ்வொரு பொருளும் தனித்தனியே பிரிந்து வரும்.

கவனிக்க வேண்டிய கோளாறுகள் நிறைய. ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் சி-யை ஜி என்று படிக்கும். ஓ-வை ஏ என்றும் படிக்கும். அப்போது 'காமன்' கேமனாகிவிடும். வரி முடிவில் 'பேக்-கேமன்' உடைந்திருந்தால் பின்பாதி மட்டும் தனிச்சொல்லாக உங்களிடம் வரும். கேமன் ஒரு குடும்பப்பெயரும்கூட. பெரிய ஜி-யில் தொடங்கும் முடிவுகளைத் தனியே ஒதுக்குங்கள். எஸ் எழுத்து உள்ள சொல்லைத் தேடுகிறீர்கள் என்றால் இன்னொரு தொல்லை சேரும்: ஏறத்தாழ 1800 வரை அச்சில் நீண்ட எஸ் இருந்தது, பார்க்க எஃப் போலவே இருக்கும். 'பெஸ்ட்' என்பதை மென்பொருள் 'பெஃப்ட்' என்று பதிந்து வைத்திருக்கும். இந்த மாதிரிச் சொற்களுக்கு எஃப் போட்டும் ஒருமுறை தேடியே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது ஆண்டு. கூகுள் புக்ஸில் ஓர் இதழின் எல்லாத் தொகுதிகளுக்கும் முதல் இதழின் ஆண்டே போட்டிருப்பது சாதாரணம். 1790 என்று காட்டுவதைத் திறந்தால் 1870 தொகுதியாக இருக்கும். மறுபதிப்பாக இருந்தால் பதிப்பாசிரியர் பிற்காலத்தில் எழுதிய முன்னுரையிலிருந்து உங்கள் சொல் வந்திருக்கலாம். தலைப்புப் பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் எந்த ஆண்டையும் விரிதாளில் ஏற்றாதீர்கள். துணுக்காக மூன்று வரி மட்டும் காட்டும் நூல் என்றால், அதே நூல் ஹாத்திடிரஸ்டில் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லையென்றால் நூலகத்தில் பக்க நகல் கேளுங்கள். அந்தக் கோரிக்கைக்கு நாள் பிடிக்கும், சில இடங்களில் கட்டணமும் உண்டு. ஆகவே வேலையின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிட்டு மற்றவற்றைப் பாருங்கள்.

என்-கிராம் வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சொல் எப்போது ஏறி எப்போது இறங்கியது என்று படம் போட்டுக் காட்டும், பார்க்க அழகாக இருக்கும். கேமன் போன்ற சொல்லுக்கு அது பயன்படாது: இறைச்சி, ஏமாற்று, குடும்பப்பெயர் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் கூட்டிவிடும்.

6. ஒலி ஒத்துவருகிறதா?

உச்சரிப்பு ஒத்திருக்கிறது என்பது மட்டும் உறவுக்குச் சான்று ஆகாது. ஒலி மாறியதற்கு ஒழுங்கான விதி இருக்க வேண்டும், அதே விதி வேறு சொற்களிலும் தென்பட வேண்டும்.

'காம்பொன்' கேமன் ஆனதைச் சோதிப்போம். வடபகுதிப் பிரெஞ்சில் ஆகாரத்துக்கு முன் க-வொலி அப்படியே நிற்கும்; பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சில் அது ஜ, ச என்று திரிந்துவிடும். ஆங்கிலம் இரு பக்கமிருந்தும் கடன் வாங்கியது. அதனால்தான் 'கேட்டில்' (கால்நடை), 'சேட்டல்' (அசையும் உடைமை) என்று ஒரே வேரிலிருந்து இரண்டு சொற்கள். 'கேட்ச்', 'சேஸ்' என்று இன்னொரு ஜோடி. காம்பொன்-ஜாம்போன் இந்த வரிசையில் சரியாக உட்கார்கிறது. அடுத்து ம்ப என்பது ம்ம ஆவது. பக்கத்து ஒலி தன்னைப்போல் ஆக்கிக்கொள்ளும் சாதாரண மாற்றம். ஆகவே வழி தெளிவு.

சொல்லின் எல்லையே மாறியிருக்கவும் கூடும். 'எ நேப்ரன்' என்று இருந்ததை 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்ததால் முதல் எழுத்து போய் 'ஏப்ரன்' நின்றது. 'ஆன் ஈக்நேம்' என்பதில் என் எழுத்து அடுத்த சொல்லோடு ஒட்டி 'நிக்நேம்' பிறந்தது. என் எழுத்திலோ உயிரெழுத்திலோ தொடங்கும் சொல்லின் வேர் அகப்படவில்லை என்றால், என்-ஐச் சேர்த்தும் நீக்கியும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

7. கதைகளை வடிகட்டுங்கள்

முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டானது என்று சொல்லும் கதையை 20-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய சொல்லுக்கு ஏற்காதீர்கள். அந்தப் பழக்கமே அப்போது மிக அரிது. 'போஷ்' என்ற சொல், போகும்போது கப்பலின் இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை ('போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்') என்ற பயணச்சீட்டு முத்திரையிலிருந்து வந்ததாக ஊரெல்லாம் எழுதுகிறார்கள். அப்படி முத்திரை குத்திய ஒரு சீட்டுகூட இதுவரை கிடைத்ததில்லை. அந்தச் சொல்லோ பணம், பகட்டுக்காரன் என்ற பொருள்களில் 19-ஆம் நூற்றாண்டுக் கொச்சை வழக்கிலேயே இருக்கிறது.

கதையைச் சோதிக்கச் சுருக்கமான வழி: கதை நடந்ததாகச் சொல்லும் காலத்திலேயே அதற்கு ஆவணம் இருக்கிறதா, அல்லது பல பத்தாண்டுகள் கழித்து யாரோ சொன்னது மட்டும்தானா? கதைக்கு முன்பே சொல் புழங்கியிருந்தால் கதை அங்கேயே விழுந்துவிடும். ஆளின் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் துல்லியமாக இருந்தும் ஆவணம் மட்டும் இல்லாத கதையைக் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள்.

அகராதியும் தவறு செய்யும். வெப்ஸ்டரின் 1934 பதிப்பில் 'டோர்டு' என்ற சொல்லுக்கு அடர்த்தி என்று பொருள் போட்டிருந்தது. பெரிய டி அல்லது சிறிய டி, அடர்த்தியின் சுருக்கக் குறி என்று எழுதிய சீட்டை யாரோ ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். 1939-ல்தான் ஓர் ஆசிரியர் கண்டுபிடித்தார். ஒரே அகராதியில் மட்டும் தலைகாட்டி, வெளியே ஒரு மேற்கோளும் இல்லாத சொல்லைக் கண்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

8. நேரக் கணக்கும் பதிவும்

அகராதிச் சுற்றுக்கு ஒரு மாலை. வடிவப் பட்டியலுக்கு அரை மணி நேரம். மேற்கோள் தேட ஒரு சனி, ஞாயிறு. கொச்சைச் சொல் என்றால் இரண்டு வார இறுதிகள். நூலக நகல் வர ஆகும் காலம் தனி.

கிடைத்த ஒவ்வொரு மேற்கோளுக்கும் மூன்று பொருட்களைச் சேமியுங்கள்: சொல் இருக்கும் பக்கத்தின் படம், தலைப்புப் பக்கத்தின் படம், நிலையான இணைப்பு. சொல் வரும் வரியோடு முன்னும் பின்னும் இரண்டு வரிகளையும் படியெடுங்கள். வாக்கியத்தைத் துண்டாக எடுத்தால் எந்தக் கேமன் என்று பின்னால் உங்களுக்கே தெரியாது. பழைய எழுத்துக்கூட்டலைத் திருத்தாதீர்கள்.

எழுதும்போது 'முதன்முதலில் 1720-ல் தோன்றியது' என்று போடாதீர்கள். 'கிடைத்துள்ள முதல் சான்று 1720' என்று போடுங்கள். பேச்சில் ஒரு சொல் எழுத்துக்கு முன்பே பல ஆண்டுகள் புழங்கியிருக்கும், அதிலும் ஒளிந்து பேசும் திருடர் சொல் இன்னும் கூடுதலாக.

அகராதி காட்டும் ஆண்டுக்கும் முந்தைய மேற்கோள் உங்களிடம் சிக்கினால், ஆக்ஸ்ஃபோர்டு அகராதி பொதுமக்களிடமிருந்து அதைப் பெற்றுக்கொள்கிறது; அவர்களுடைய தளத்திலேயே அதற்குப் படிவம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. அனுப்புமுன் நான்கைச் சரிபாருங்கள்: அச்சிட்ட ஆண்டு தலைப்புப் பக்கத்தில் தெரிகிறதா, மேற்கோள் எழுத்துக்கு எழுத்து சரியா, எந்தப் பொருளுக்கான சான்று என்று குறித்திருக்கிறீர்களா, பக்க எண் இருக்கிறதா. இரண்டு படங்களும் இணைப்பும் கோப்பில் இருந்தால் படிவத்தை நிரப்பப் பத்து நிமிடம் போதும்.